வளையத்தில் பிழை இல்லை

ஓகஸ்ட் 2, சனி

வேட்டைத் துவக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில், என் பூப்போட்ட விரிப்பின் மேல் படுத்துக்கிடக்கிறது. இவர் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பிள்ளை பிறந்த வீட்டுத் தகப்பன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் மத்தியானச் சோற்றைக் குசினியில் நின்றபடி சாப்பிட்டேன்.

எல்லாம் ஊட்வாரால் வந்தது. மீன் தொழிற்சாலையில் அவன்தான் எங்களுக்கு மேற்பார்வையாளன். இவர் அங்கே பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் இயந்திரம் ஓட்டுகிறார், நான் மீன் வெட்டும் வரிசையில் நிற்கிறேன். ஊட்வாரிடம் ஒரு வேட்டைக் குழு இருக்கிறது. குதிரையைவிட உயரமான ஒரு காட்டு மானை இங்கே எல்க் என்பார்கள்; இலையுதிர் காலத்தில் அதைச் சுடப் போவார்கள். குழுவில் ஒருவர் தெற்குப் பக்கம் வீடு மாறிப் போனதில் ஓர் இடம் காலியானது. இவருக்கு ஆசை பிடித்துவிட்டது. நோர்வேக்காரனோடு காட்டுக்குப் போய்வரும் ஒரே தமிழன் என்று பெயர் எடுக்க வேண்டும்.

வேட்டைப் படிப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். புத்தகத்தை நான் சத்தமாக வாசிக்க வேண்டும், இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மகாராசா. சோதனையைக்கூட மொழி வராது என்று பொய் சொல்லி வாயால் சொல்லி முடித்தார். என்னைவிட நன்றாக மொழி பேசுகிற மனுசன். இரண்டு பேரும் சித்தியடைந்தோம். வருகிற போகிற எல்லோரிடமும் இவர் சித்தியடைந்த கதை மட்டும் சொல்லப்படுகிறது.

மேலே பூட்டுவதற்கு வாங்கியிருக்கும் ஸ்கோப்பை, குறிபார்க்கும் தொலைநோக்கியை, பார்க்க வேண்டும். முன்கண்ணாடி தேங்காய்ச் சிரட்டை அகலம். இவ்வளவு பெரியது எங்கள் காட்டுக்குத் தேவையில்லை, சிறியதே போதும் என்று கடைக்காரி இங்கெர் சொன்னாள். இவர் கேட்கவில்லை. வெளிச்சம் கூடுதலாக வரவேண்டுமாம். ஸ்கோப்பைத் துவக்கோடு பிடித்துவைப்பவை இரண்டு வளையங்கள். பதிவானது, நடுத்தரம், உயரம் என்று அவற்றில் மூன்று அளவு. கண்ணாடி பெரிதென்றால் குழலில் முட்டும், அதனால் வளையமும் உயர வேண்டும். யார் சுடப்போவது என்று இங்கெர் என் பக்கமும் பார்த்துக் கேட்டாள். நான் மட்டும்தான் என்றார். இருந்ததில் உயரமானதை வாங்கினார்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இன்றும் மேசையில்தான். விரிப்பில் எண்ணெய்க் கறை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சுடுகளம். வேட்டைக்குப் போவதற்கு முன் முப்பது குண்டு பழகி, பிறகு ஐந்து குண்டும் குறித்த வட்டத்துக்குள் விழச் சுட்டுக் காட்ட வேண்டும். நான் தேநீர்ப் போத்தலோடு வாங்கில் இருந்தேன். ஊட்வார்தான், நீயும் படித்தவள்தானே, நீயும் சுடு என்றான். இரண்டு பேரும் தேறினால் யார் வருவது என்று வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சிரித்தான். எங்கள் வீட்டில் எப்படிப் பேசித் தீர்ப்பது என்பது அவனுக்குத் தெரியாது.

இவர் முதலில் சுட்டார். இரண்டு குண்டு தாளிலேயே இல்லை.

பிறகு நான். ஸ்கோப் அவ்வளவு உயரத்தில் இருந்ததால் கன்னத்தைத் துவக்கின் பின்கட்டையில் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் குடித்த கோழிபோலக் கழுத்தைத் தூக்கிக்கொண்டு படுத்தேன். தலை ஆடியது. ஆனாலும் எல்லாம் தாளில் விழுந்தன. ஊட்வார் என் தோளில் தட்டினான்.

திரும்பும் வழி முழுக்க இவர் பாதையை முறைத்துக்கொண்டே ஓட்டினார். கார் கண்ணாடியைத் திறந்து விட்டிருந்தேன். நல்ல காற்று.

ஓகஸ்ட் 9, சனி

எங்கள் ஊர்க்காரி சறோஜா அக்கா குடும்பத்தோடு வந்தா. துவக்கைக் கண்டதும் அக்கா வாயை மூடவில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இப்ப துவக்கை வாங்கி நடுவீட்டிலை வைச்சிருக்கு" என்றா. நான் சிரித்தேன். இவருக்குப் பொறுக்கவில்லை. நானே தேத்தண்ணி ஊத்துறன் என்று எழும்பி, கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றி, அக்காவின் சேலை முழுக்க நனைத்தார். மன்னிப்பும் கேட்கவில்லை. வேண்டுமென்றே செய்தவர் ஏன் கேட்கப் போகிறார்?

துடைத்தது நான்.

ஓகஸ்ட் 14, வியாழன்

வேலை முடிந்து பஸ் பிடித்து இங்கெரின் கடைக்குத் தனியே போனேன். இந்த ஊருக்கு வந்த பிறகு தனியாக ஒரு கடைக்குள் போய் எனக்காக ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மீன் மணக்கிற கையோடு நின்றேன். அவள் மூக்கைச் சுளிக்கவில்லை.

ஒரு துவக்கைத் தந்து, கண்ணை மூடு என்றாள். மூடிக்கொண்டு, எந்த முயற்சியும் இல்லாமல் கன்னத்தைக் கட்டையில் வை. இப்போது திற. படம் வட்டமாக, ஓரத்தில் நிழல் இல்லாமல் தெரிந்தால் வளையம் உனக்குச் சரி. தலையைத் தூக்கித் தேடவேண்டி வந்தால் வளையம் உயரம். ஒருவர் கன்னம்போல இன்னொருவர் கன்னம் இருக்காது, அதனால் ஒருவருடைய வளையம் இன்னொருவருக்குப் பொருந்தாது என்றாள். எங்கள் பெரிய கண்ணாடிக்குப் பதிவான வளையம் சரிவராது, முட்டும். நடுத்தரம் போட்டால் குழலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு நாணயம் நுழைகிற இடைவெளி இருக்கும். அது போதும்.

நடுத்தரம் வாங்கிவந்தேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

இவருக்குப் பின்னேர வேலை. துவக்கைப் பூட்டிவைக்கும் அலமாரியின் திறப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வளையத்தை மாற்றிப் பூட்டினேன். கண்ணை மூடி, கன்னம் வைத்து, திறந்தேன். முன்வீட்டுத் தபால்பெட்டி நேர் நடுவில் நின்றது. அதிலுள்ள பெயரை வாசித்தேன். திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஓகஸ்ட் 16, சனி

கண்டுபிடித்துவிட்டார். கண்ணால் கண்டல்ல, கன்னம் வைத்த உடனே.

"உம்மடை மூஞ்சிக்கு ஏத்த மாதிரி துவக்கை மாத்தினா நான் எப்பிடிச் சுடுறது? ஆற்றை துவக்கு இது?"

வீட்டில் இருக்கிற எதுதான் என்னுடையது என்று கேட்டேன். அடுப்பு என்றார்.

உயர வளையத்தைத் திரும்பப் பூட்ட வெளிக்கிட்டார். திருகாணித் தலையில் திருப்புளியை வைக்க முடியாமல் குத்திக் குத்தி, ஒரு திருகாணியின் தலையைச் சிதைத்துத்தான் பூட்டி முடித்தார். இருபது வருடம் இயந்திரம் ஓட்டிய கை. கோபம் வந்தால் கைக்கும் புத்தி இல்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

மறுபடி சுடுகளம். வளையம் மாற்றினால் குறியைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். இவருடைய குண்டுகள் மேலே போகின்றன, பக்கத்தில் போகின்றன, ஒன்றோடொன்று உறவில்லாமல் போகின்றன. எழும்பி வந்து எல்லோருக்கும் முன்னால் தமிழில் சொன்னார்:

"படத்துக்குள்ளை கறுப்பா ஒரு நிழல் நிக்குது. நீர் என்னவோ செய்துபோட்டீர்."

"நான் ஒண்டும் செய்யேல்லை."

"பிறகு எப்பிடி வந்தது?"

நான் எடுத்துப் பார்த்தேன். கழுத்தைத் தூக்கிப் பார்த்தால் படம் சுத்தமாக இருந்தது. நிழலும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியே சொன்னேன். பொய்க்காரி என்றார். தமிழ் தெரியாதவர்கள்கூட எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

கடையில் ஊட்வாரின் மனைவி எதிரே வந்து கையைத் தூக்கினாள். இவர் மரம் மாதிரி அவளைத் தாண்டிப் போனார். நான் ஓடிப்போய் அவளோடு கதைத்துச் சமாளித்தேன். அவளுடைய புருசன் குழுவில் இடம் தரவேண்டும், அவன் பெண்சாதிக்கு இவர் முகம் கொடுக்கமாட்டார். இந்தத் திமிரை எங்கே வாங்கினார் என்று கேட்டால், எந்த ஊட்வாரின் மனைவி என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

நடக்கும்போது என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வருகிறார், கொஞ்ச நாளாக. மாடு பிடித்துப் போவதுபோல. உதறிவிட்டேன். நடைபாதை விளிம்பில் தடக்குப்பட்டார். நல்லது.

ஓகஸ்ட் 27, புதன்

இவர் இங்கெரிடம் சண்டைக்குப் போனார். நானும் போனேன், எங்கே தலை குனிகிறார் என்று பார்க்க. இன்னும் உயரமான வளையம் இருக்கிறதா, விற்றதே பழுது, நிழல் விழுகிறது என்று சத்தம் போட்டார். அவள் கோபப்படவில்லை. அவருடைய துவக்கை வாங்கிப் பார்த்தாள். என்னிடம் சொன்ன அதே சோதனையை இவருக்கும் செய்வித்தாள். இரண்டு மூன்று வளையத்தில் செய்வித்தாள். பிறகு துவக்கை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"வளையத்தில் பிழை இல்லை" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், நெடுநேரம்.

பெண்ணுக்குப் பெண் ஆதரவு என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இவரிடம் தாழ்ந்த குரலில் வேறு என்னவோ கேட்டாள், எனக்குக் கேட்கவில்லை. இவர் துவக்கைப் பறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவள் என்ன கேட்டாள் என்றேன். "உமக்குத் தேவையில்லை." சரி. தேவையில்லை.

செப்டெம்பர் 2, செவ்வாய்

கழற்றிக் கிடந்த வளையத்தையும் திருகாணிகளையும் ஒரு தட்டில் கொட்டி எனக்கு முன்னால் தள்ளினார். "நீரே பூட்டும். உயரமானதை."

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர், வேலைக்காரிக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். முகத்தில் தட்டை விட்டெறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. ஒழுங்காக, சமமாக, ஒவ்வொரு திருகாணியையும் மாறி மாறி இறுக்கிப் பூட்டிக் கொடுத்தேன். சோதனையில் தவறினால் பழி என் மேல் விழக்கூடாது.

செப்டெம்பர் 6, சனி

சுடுகளத்தில் ஐந்து குண்டுச் சோதனை. உச்சி வெயில், ஒரு முகில் இல்லை. இவர் முதல் முறை தவறி, இரண்டாம் முறை ஐந்தையும் வட்டத்துக்குள் போட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கு வயிறெரிந்தது. நான் முதல் முறையிலேயே போட்டேன், கோழிக் கழுத்தோடு.

யார் வருகிறீர்கள் என்று ஊட்வார் கேட்டான். பேசித் தீர்ப்பதற்கு நேரம் எடுக்கவில்லை. இவர் கையைத் தூக்கினார்.

செப்டெம்பர் 11, வியாழன்

தொழிற்சாலையில் இவர் மீன்பெட்டி அடுக்கில் இயந்திரத்தைக் கொண்டுபோய் மோதினார். பெட்டிகள் சரிந்தன. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நிலம் ஈரமாம். அங்கே நிலம் எப்போது காய்ந்திருந்தது?

செப்டெம்பர் 18, வியாழன்

எனக்குப் பின்னேர வேலை. ஏற்றிப்போக இவர் வரவில்லை. மழையில் நடந்து வந்தேன். இனி இருட்டினால் வரமாட்டாராம். ஏன் என்று கேட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஈரச் சப்பாத்தை அவருடைய கதிரையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

செப்டெம்பர் 24, புதன்

நாளைக்கு வேட்டை தொடங்குகிறது. என்னையும் வரச் சொல்கிறார். தேநீர் தூக்க ஆள் வேண்டும். ஊட்வாரிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். எழுபது ரொட்டி சுடச் சொன்னாலும் சுடுகிறேன், பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் சரி.

செப்டெம்பர் 25, வியாழன்

வீட்டுக்கு வந்து, துவக்கை அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகு எழுதுகிறேன்.

விடியும்போதே சேற்று நிலத்தின் விளிம்பில் எங்களை இருத்திவிட்டுப் போனார்கள். ஊட்வார் நாயோடு மேட்டுக்கு அப்பால் போய், எல்க்கைக் கலைத்து எங்கள் பக்கம் கொண்டுவருவான் என்பது ஏற்பாடு. தூறல். சாம்பல் வெளிச்சம். நான் மரக்குற்றியில் இருந்தேன், இவர் எனக்கு முன்னால் துவக்கை ஒரு கிளையில் தாங்கிவைத்திருந்தார். தேநீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்களுக்கு நடுவே அசைவு. இவர் சட்டென்று தோளில் வைத்தார். பூட்டை விடுவித்த சத்தம் கேட்டது. நானும் பார்த்தேன்.

செம்மஞ்சள் தொப்பி. ஊட்வார். எல்க் வேறு பக்கம் போயிருக்க வேண்டும். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, மரங்களுக்கு ஊடாக எங்களை நோக்கி நேரே வந்துகொண்டிருந்தான்.

இவருக்கும் தெரியும், இப்போது இறக்கிவிடுவார் என்று இருந்தேன். இறக்கவில்லை. மூச்சைப் பிடித்தார். அந்த மூச்சு எனக்குத் தெரியும், சுடுவதற்கு முன் பிடிப்பது. நான் எப்படி எழும்பினேன் என்று தெரியாது. அந்தப் பெரிய கண்ணாடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குழலை மேலே தள்ளினேன்.

"விடும்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்க் நிக்குது."

"சுடாதேங்கோ. அது ஊட்வார்."

"விசர்க்கதை கதையாதேயும். நாலு கால் தெரியுது."

அது நாய். நான் கையை எடுக்கவில்லை. இவர் என் கையை முழங்கையால் இடித்தார். வலித்தது, ஆனாலும் எடுக்கவில்லை. அதற்குள் ஊட்வார் வெளிக்கு வந்து, கையைத் தூக்கி எங்களைக் கூப்பிட்டான். குரல் கேட்டதும் இவருடைய உடம்பு முழுக்கத் தளர்ந்தது. துவக்கைத் தாழ்த்தினார். தலையை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் திருப்பினார்.

"எங்கை நிக்கிறார்?" என்று கேட்டார்.

ஊட்வார் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரு இருக்கிற தூரத்தில், வெட்டவெளியில், செம்மஞ்சள் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தான்.

நான் துவக்கை வாங்கி, குண்டை வெளியே எடுத்து, என் சட்டைப் பையில் போட்டேன். இவர் தடுக்கவில்லை. ஊட்வார் வந்து ஏதாவது கண்டீர்களா என்று கேட்டான். இல்லை என்றார். நானும் இல்லை என்றேன். மூன்று பேரும் தேநீர் குடித்தோம்.

செப்டெம்பர் 26, வெள்ளி

ஊட்வாருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். நடந்ததை நடந்தபடி. முடிவுவரை கேட்டான். பிறகு அவன் கேட்டது வேட்டையைப் பற்றி அல்ல. ஃபோர்க்லிஃப்ட்டைப் பற்றி.

அதை நான் யோசித்திருக்கவில்லை.

செப்டெம்பர் 29, திங்கள்

வைத்தியரின் கடிதம் வரும்வரை இவர் இயந்திரம் ஓட்டக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வரும்போது திரைச்சேலையை மூடிக்கொண்டு இருந்தார்.

"காட்டிக்குடுத்திட்டீர்" என்றார்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று தெரிந்துதான் சொன்னார். நான் மீன் கழுவினேன். ஊட்வார் செத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லியிருப்பார். எனக்கும் எப்படித் தெரியும்? என்னிடம் யாராவது சொன்னார்களா?

ஒக்டோபர் 1, புதன்

இடம் உனக்கு என்று ஊட்வார் சொல்லியனுப்பினான். நடுத்தர வளையத்தைப் பூட்டினேன், பகலில், சாப்பாட்டு மேசையில், இவருக்கு முன்னால். தடுக்க ஒருவரும் இல்லை. இவ்வளவு நாள் இதற்குத்தானே சண்டை பிடித்தேன். பூட்டி முடித்த பிறகு கன்னம் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. பார்த்தேன். எல்லாம் நேராகத் தெரிந்தது.

ஒக்டோபர் 4, சனி

ஒரு கன்று. ஒரே வெடி. விழுந்த இடத்திலேயே கிடந்தது. குழுவில் எல்லோரும் கை தந்தார்கள்.

ஈரலை மிளகு போட்டுப் பொரித்து வைத்தேன். இவர் சாப்பிட்டார். எங்கே நின்றது, எவ்வளவு தூரம் என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமலே சொல்லவும் வாய் உன்னியது. சொல்லவில்லை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி, கண் பிரிவு. இவருடைய சீனி வருத்தம், இரத்தத்தில் சர்க்கரை கூடுவது, கண்ணுக்குள் இறங்கி இரத்தம் கசிந்திருக்கிறது. வலது கண்ணில் பெரும்பாகம் போய்விட்டது. இடதை லேசர் பிடித்தால் இருப்பதைக் காப்பாற்றலாமாம். வைத்தியப் பெண், நிழல் எப்போது தொடங்கியது என்று கேட்டாள். போன வருடத்துக்கு முந்தின மாரியில் என்றார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன்.

நடைவழியில் காத்திருக்கும்போது ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சண்டைக்கல்லாமல் கேட்கும் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே மறந்துவிட்டது, அதனால் சண்டைபோலத்தான் கேட்டிருக்கும்.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சொல்லியிருந்தா நீர் சிரிச்சிருப்பீர்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தாதி பெயர் கூப்பிட்டுவிட்டாள். இவர் எழும்பிப் போனார், சுவரைத் தொட்டுக்கொண்டு. திரும்பி வந்த பிறகும் நான் அதைச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 8, புதன்

லேசருக்கு இன்று வரச் சொன்னார்கள். காரை நான் ஓட்டினேன். நான் எடுத்து வைத்த கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் வெகுகாலம் பெட்டியிலேயே கிடந்தது. கியர் மாற்றும்போது இரண்டு தரம் கார் குலுங்கி நின்றது. இவர் பக்கத்து இருக்கையில் வாயை இறுக்கிக்கொண்டு இருந்தார்.

பாலம் தாண்டியதும் நான் சொல்லத் தொடங்கினேன். யாரிடம் என்று இல்லாமல், பாதையைப் பார்த்தபடி. இடது கைப் பக்கம் கடல், தண்ணீர் இறங்கிக் கிடக்கிறது. ஒரு சிவப்புப் படகுக் கொட்டில். இரண்டு செம்மறி பாதையோரத்தில் நிற்கின்றன, ஒன்றின் கழுத்தில் மணி. மலை உச்சியில் புதுப் பனி விழுந்திருக்கிறது. ஒரு கிழவன் தபால்பெட்டிக்கு நிறம் பூசுகிறான்.

ஆஸ்பத்திரி வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன். இவர் கேட்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை.